அடிவயிறு

வார்னிஷ் காயும்வரை கை வைக்கக் கூடாது, வைத்தால் விரல்ரேகை பதிந்துவிடும், பதிந்ததை அரத்தாளால் எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் சாய்வாக விழும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருடம் பிளாஸ்டிக் விமானங்கள் ஒட்டிய சற்குணராசாவுக்கு இது தெரியாததா? தெரிந்தும் விரல் தானாக அதை நோக்கிப் போகிறது, பாதியில் நிற்கிறது, திரும்பி வந்து முழங்காலைத் தடவிக்கொள்கிறது. மேசை விளக்கின் கீழே அந்தப் புது விமானம் மல்லாந்து கிடந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, குளித்துவிட்டுத் துடைக்காமல் படுத்த பிள்ளையைப் போல மினுங்கிக்கொண்டு. பிள்ளை என்ற சொல் ஏன் வந்தது? விடு, அதற்குள் போகாதே. நீலத்தைப் பார். அடிவயிற்றுக்கு இளநீலம் பூசு என்றுதான் பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணுக்கு வானத்தோடு வானமாகக் கரைந்துபோக வேண்டும் என்பதற்காகவாம். கரையவில்லையே. அவர் அண்ணாந்து பார்த்த அத்தனை தடவையும் அது கறுப்பாகத்தான் இருந்தது, சூரியனில் தெறித்த மைத்துளி மாதிரி, பிறகு காகம் மாதிரி, பிறகு வயிறு. நினைவில் கறுப்பு, தாளில் நீலம், எது சரி என்று யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒரே ஆள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து மணியடிக்கப் போகிறார். மேலே சமையலறையில் மனைவி பவளம் எதையோ தாளிக்கிற சத்தம். கடுகு வெடித்தது, அவருடைய தோள் ஒருதரம் தூக்கிப் போட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ரொறன்ரோவில் குளிர் தின்றாயிற்று, கடுகுக்கு இன்னும் தோள் தூக்கிப் போடுகிறது. பேஸ்மென்டின் மூலையில் வீட்டுக்குச் சூடு தரும் இயந்திரம் விழித்துக்கொண்டு உறுமத் தொடங்கியது, முதலில் தூரத்தில் வருகிற மாதிரி, பிறகு கிட்ட. அது சூடு தரும் இயந்திரம். அது சூடு தரும் இயந்திரம்தான். சொல்லிச் சொல்லி உடம்பை இருத்திவைத்தார்.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று பவளம் கலியாணமான புதிதில் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பகல் முழுக்க மூக்குக்கண்ணாடி வில்லை தீட்டுகிற பட்டறையில் கண்ணைக் குத்திக்கொண்டு வேலை, வீட்டுக்கு வந்தும் கண்ணைக் குத்துகிற வேலையா என்று அவளுடைய அண்ணன்கூடப் பகிடி பண்ணினான். அவர் சிரித்துவிட்டு இருந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிமாரிக்குக் குளிர் தாங்காமல் ஒரு கடைத்தொகுதிக்குள் ஒதுங்கி நின்றபோது கண்ணாடிக்கு அப்பால் பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒரு பெட்டியின் மூடியில் போர் விமானம் ஒன்றின் படம், மேலேயிருந்து பார்த்து வரைந்த படம். முதுகு தெரிந்தது. விமானிக்குரிய கண்ணாடிக் கூடு தெரிந்தது. அதற்குள் ஒரு மனிதனின் தலை. அதற்கும் கீழே, எங்கேயோ கீழே, வயலும் வாய்க்காலும் சின்னச் சின்னக் கூரைகளும். அவர் கால் நகரவில்லை. இதற்கு ஒரு முதுகு இருக்கிறது என்றே அதுவரைக்கும் அவர் நினைத்ததில்லை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் வயிறுதான். அன்று வாங்கியது. பிறகு பழைய உலகப் போரின் விமானங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இங்கிலாந்துக்காரனுடையது, ஜெர்மன்காரனுடையது, ஜப்பான்காரனுடையது, மேலேயிருந்து பார்க்கும்படி தாழ்ந்த தட்டுகளில் அடுக்கினார். பிறகு வெறும் விமானம் போதாமல் காட்சி செய்யத் தொடங்கினார். பலகைத் துண்டில் ஓடுபாதை, சாயமிட்ட மரத்தூளில் புல், துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்கள், இடிந்த சுவர். மனிதர்களை மட்டும் வைப்பதில்லை. மாதம் ஒருதரம் நூலக மண்டபத்தில் கூடுகிற, விமானம் ஒட்டுகிறவர்களின் கழகத்தில் அதுவே அவருக்கு அடையாளமாகிவிட்டது: "சற்குணத்தின் போருக்கு ஆட்களே தேவையில்லை." ஆனால் அதே கழகத்துக்கு வருகிற தயாபாலவுக்கு மனிதர்கள்தான் உயிர். பாக்கு அளவு உருவத்துக்கு முகம் தீட்டி, கண்ணுக்குள் வெள்ளை வைத்து, கன்னத்தில் வெயில் காய்ந்த சிவப்புக்கூட வைத்துவிடுவார். பாரந்தூக்கி திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், தென்னிலங்கைச் சிங்களவர், மனைவி போய் இரண்டு வருடம், பிள்ளைகள் வேறு மாகாணத்தில். "மச்சாங், உன் ஓடுபாதையில் ஒருவனையாவது நிற்க விடு, நான் தீட்டித் தருகிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இடையில் வரும் மச்சானுக்கு மட்டும் மொழி இல்லை, அது இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களாக இருந்த அந்த மண்டபத்தில் தயாபால தேங்காய்ச் சம்பலைப் பற்றிப் பேசும்போது சற்குணராசாவுக்கு நாக்கில் நீர் ஊறும். ஒருவருக்கொருவர் ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இருவருமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள், கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து பேசினாலும் உள்ளே எட்டிப் பார்க்காத மாதிரி.

எட்டிப் பார்த்தது தயாபாலதான், அதுவும் தெரியாமல். மழை பெய்த ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு சின்ன எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குழாய் எங்கே போகும் என்று திணறியபோது, தேநீரை ஊதிக்கொண்டே, "இப்படிக் கொடு, வாலிபத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டியிருக்கிறேன், எங்கள் நாட்டு விமானப்படையில் தரையில் நின்று விமானம் பழுதுபார்த்தவன் நான்" என்றார். குழாயைச் சரியாக வைத்தார். எல்லோரும் பலே என்றார்கள். சற்குணராசாவும் என்றார், சொன்னது ஞாபகம் இருக்கிறது, பலே என்று தன் வாய் சொன்னதைத் தன் காது கேட்டது. பிறகு வாகனத்துக்குள் வந்து எஞ்சினைக் கிளப்பத் திறப்பைப் போடாமல் கண்ணாடியில் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வருடம்? எந்தத் தளம்? கேட்டால் சொல்லியிருப்பார், ஒளிக்கிற மனிதர் இல்லை. கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியைத் தேடி வாங்கினார். இத்தனை காலம் எல்லா விமானமும் செய்தார், இதை மட்டும் செய்ததில்லை. பயிற்சிக்கென்று எவனோ ஒரு நாட்டுக்காரன் செய்த சின்ன விமானம், அதன் இறக்கைக்குக் கீழே கொளுவி பூட்டிக் குண்டு தொங்கவிட்டால் அது பொம்பர், சனத்துக்குப் பெயர் எல்லாம் தெரியாது, பொம்பர் வாறான், பங்கருக்குள்ள ஓடு, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். சாவணத்தால் சின்னத் துண்டுகளை இடுக்கி எடுக்கும்போது கை நடுங்கவில்லை, அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. தயாபாலவுக்குத் தொலைபேசி எடுத்து, புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், கண்காட்சிக்குக் கொடுக்கமுன் வந்து பார், வீட்டில் சாப்பிடலாம் என்றார். எவ்வளவு சந்தோஷப்பட்டார் அந்த மனிதர், வீட்டுக்கு வரச்சொல்லி யார் கூப்பிடுகிறார்கள் என்றார். இது என்ன, அழைப்பா பொறியா? மசாலா வாசத்தை வைத்து எலியைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் முகம் இதைப் பார்க்கும்போது எப்படிப் போகிறது என்று பார்க்கத்தானே? பார்த்து? குற்றவாளி முகம் கண்டால் என்ன செய்வாய், காணாவிட்டால் என்ன செய்வாய்? பவளத்துக்கு இது எதுவும் தெரியாது, வாறவர் மச்சமாமிசம் சாப்பிடுவார்தானே என்று மட்டும் கேட்டாள். ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் தயார்பண்ணி வைத்திருந்தார், வேலைக்குப் போகும்போதும் வில்லை தீட்டும்போதும் நாக்குக்குள்ளே உருட்டினார், அந்த வருடம் ஆவணி மாதம் நீ எங்கே இருந்தாய், அந்த வருடம் ஆவணி மாதம். ஆவணிக்கு ஆங்கிலம் வரமறுத்தது. மாதத்தின் பெயர் தெரியாமல் இல்லை, ஆனால் ஓகஸ்ட் என்று சொன்னால் அது வேறெங்கேயோ நடந்ததாக இருக்கும், ஓகஸ்டில் ரூபி சாகவில்லை.

இதோ வந்துவிட்டாள். வராதே என்று வைத்திருந்தேன், வந்துவிட்டாள். ஊரில், நாவலடிக்குளத்தில், கோயில் திருவிழா முடிந்த கிழமை, வாழைத்தோரணம் இன்னும் கழற்றவில்லை, வாடிச் சருகாகிக் காற்றுக்குச் சரசரத்துக்கொண்டிருந்தது. தங்கச்சி வசந்தரூபிக்குப் பதினொரு வயது, அவருக்குப் பதினேழு. அவர் கிணற்றடியில் நின்றார், அவள் வாசல் படலையடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றாள், கையில் பாதி தின்ற விளாம்பழம். சத்தம் வந்தது. சத்தம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பங்கர் கிட்ட என்றால் ஓடு, தூரம் என்றால் விழுந்து படு, குப்புற, இரண்டு கையாலும் காதைப் பொத்து, வாயைத் திற. மற்றப் பிள்ளை தன் வீட்டுக்குள் ஓடியது. ரூபி சொன்னபடி கேட்கிற பிள்ளை. அவர் கிணற்றுக்கட்டின் மறைப்பில் ஒண்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், அதன் வயிறு பனைக்கு மேலால் போனது, வயிற்றிலிருந்து ஏதோ பிரிந்தது, பிரிந்தது என்றுதான் பட்டது, விழுந்ததாகப் படவில்லை. பிறகு மண். பிறகு சத்தமில்லாத ஒரு சத்தம். புழுதி அடங்கியபோது படலை இல்லை, ரூபி இருந்தாள். குப்புறப் படுத்திருந்தாள், கை இரண்டும் காதில், கால்கள் ஒட்டி, சட்டைகூட விலகவில்லை, ஒரு கீறல் இல்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளை. அவருக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. "போயிட்டானடி, எழும்பு" என்றார். "எழும்பு எண்டெல்லே சொல்லுறன், பாசாங்கு பண்ணாதை." காலால் அவளுடைய காலைத் தட்டினார். லேசாகத்தான். எழும்பு. பள்ளிக்கூடத்தில் எப்படிப் படுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள், எப்போது எழும்புவது என்று சொல்லிக்கொடுக்கவில்லையோ? குண்டு வெடித்த காற்றின் அடி நெஞ்சை உள்ளே உடைத்துவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது என்று ஆசுப்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அம்மா வந்து அவளைத் திருப்பும்வரை அவர் எழும்பு என்று சொல்லிக்கொண்டே நின்றார், இப்போதும் சிலவேளை தீட்டுகிற கல் சுழலும்போது அந்தச் சுழற்சி அதைத்தான் சொல்லுகிறது, எழும்பு, எழும்பு, பக்கத்தில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி என்ன சற்குணம் ஏதும் சொன்னாயா என்று கேட்பாள், இல்லை என்பார்.

வாசல்மணி அடித்தது. அடிக்கும் என்று தெரிந்த மணிதான், ஆனாலும் அவர் எழுந்து நின்றுவிட்டார். உடனே அவருக்கு எல்லாம் வெட்கமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்ட மனிதனுக்கு இதைக் காட்டுவதா, வேண்டாம், இங்கிலாந்துக்காரனுடைய பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று தட்டில் இருக்கிறது, அதுதான் புதிது என்று சொல்லிவிடலாம். பெட்டியின் மூடியை எடுத்துக் கவிழ்க்கப் போனார், வார்னிஷ் காயவில்லை, மூடி ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் என்ன, கெட்டால் என்ன, கெடட்டும் என்று நினைத்தாலும் கை துணியவில்லை, இத்தனை கிழமை வேலை. அந்தக் கஞ்சத்தனத்தில் நேரம் போய்விட்டது. மேலே பவளம் கதவைத் திறந்து "வாங்கோ வாங்கோ, சப்பாத்தை உதிலயே விடுங்கோ, அவர் கீழதான்" என்று தமிழிலேயே சொல்லுவதும், தயாபால சிங்களமும் ஆங்கிலமும் கலந்து சிரிப்பதும் கேட்டது. படி முனகியது. கையில் ஒரு மாம்பழப் பெட்டியோடு தயாபால குனிந்து தலையைக் காத்துக்கொண்டு இறங்கிவந்தார். மூச்சு வாங்கியது. சுற்றவரத் தட்டுகளைப் பார்த்தார், ஆ என்றார், பிறகு விளக்கடியில் கிடந்ததைப் பார்த்தார்.

முகம் மாறியது. ஆனால் சற்குணராசா இத்தனை கிழமை கற்பனையில் பார்த்த எந்த முகமும் அதில் இல்லை. அது மலர்ந்தது. பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் அந்தச் சுருங்கின கன்னத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சாங்! இது எங்கள் குருவி!" மாம்பழப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். "நாங்கள் இதைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். எங்கே பிடித்தாய் இதை?" வார்னிஷில் படாமல் சக்கரங்களில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார், தேர்ந்த கை. "இந்த டயருக்கு எத்தனை தரம் காற்றடித்திருப்பேன்! ஓடுபாதை ஓரத்தில் ஒரு ஜம்பு மரம் நின்றது, அதன் கீழேதான் மத்தியானத் தூக்கம். பழம் விழுந்தால் சமையல்காரனுக்கும் எங்களுக்கும் சண்டை." வயிற்றைத் தன் பக்கம் திருப்பிக் கண்ணைச் சுருக்கினார். "நீலம் சரி. அச்சாய் அதே நீலம். ஒன்றுதான் பிழை, கோபிக்காதே. குண்டு கொளுவுகிற இடம் இவ்வளவு வெளியே இராது. இன்னும் உள்ளே, இந்த இடத்தில். என் கை அறியும்..."

அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார். கை அறியும் என்று சொன்ன வாய் மூடவில்லை. கண்கள் மெல்ல விமானத்தை விட்டு எழுந்து சற்குணராசாவின் முகத்துக்கு வந்தன, யார் வீட்டில் யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. குருவி. இதற்கு ஒரு செல்லப்பெயர் இருந்திருக்கிறது. இதன் கீழே நிழல் தேடிப் படுத்திருக்கிறார்கள், பழத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அதே வெயில். சற்குணராசாவுக்குத் தயார்பண்ணின கேள்வி ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை, வேறு ஏதோதான் வாயில் வந்தது.

"நான் இதைக் கீழே நின்று பார்த்தவன்" என்றார்.

தயாபால விமானத்தை அது கிடந்த இடத்திலேயே, கிடந்த மாதிரியே வைத்தார். வைத்த கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றார். "எங்கே?" என்றார். சற்குணராசா ஊரின் பெயரைச் சொன்னார். "எப்போது?" வருடத்தை ஆங்கிலத்தில் சொன்னார், மாதத்தை ஆவணி என்றுதான் சொன்னார், தயாபாலவுக்கு விளங்கியது. "யார்?"

"தங்கச்சி. படுக்கச் சொன்னார்கள், படுத்தாள்."

சூடு தரும் இயந்திரம் நின்றுபோனது. அது இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்ததே இப்போதுதான் தெரிந்தது. தயாபால முக்காலியில் இருந்த சாயப் புட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டு அதை இழுத்து உட்கார்ந்தார், உட்காரலாமா என்று கேட்கவில்லை. நான் அந்த வருடம் வேறெங்கேயோ என்று அவர் சொல்லியிருக்கலாம். சற்குணராசா நம்பியிருப்பார். நம்புவதற்கு ஆயத்தமாக, அதைச் சொல்லிவிடு என்று மன்றாடாத குறையாகத்தான் நின்றார்.

"அந்த வருடம் நான் அங்கேதான் இருந்தேன்" என்றார் தயாபால. தரையைப் பார்த்துப் பேசினார். "காலையில் கொளுவிவிடுவோம். நிறைந்து போகும், வெறுமையாய் வரும். வந்தால் கைதட்டுவோம், ஓட்டுகிற பொடியன் நல்லவன், எங்களோடு சிகரெட் பகிர்வான். எங்கே போனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்கமாட்டோம். கேட்காமல் இருக்கப் பழகினோம், அது சுகமாக இருந்தது மச்சாங், பொய் சொல்லமாட்டேன், சுகமாகத்தான் இருந்தது." கையை விரித்துப் பார்த்தார், முகங்களுக்குக் கண் தீட்டுகிற கை. "அன்றைக்குக் கொளுவியது நானா, இன்னொருவனா, தெரியாது. நாள் முறை மாறி மாறி வரும். நான் இல்லை என்று சொல்லத்தான் வாய் துடிக்கிறது. தெரியாமல் எப்படிச் சொல்ல? ஆம் என்று சொல்லவும் தெரியாது."

ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. இரண்டில் ஒன்று வந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். வெறுப்பு வரும் என்று இடம் ஒதுக்கி வைத்திருந்தார், ஆறுதல் வரும் என்றும் ஒரு மூலையில் ஆசை கிடந்தது, இரண்டுமே வரவில்லை, வந்தது அலுப்பு, ஒரு முழுநாள் தண்ணீர் இறைத்த அலுப்பு. இந்த மனிதனை என்ன செய்வது? ரூபியைப் பற்றி அம்மாவுக்குப் பிறகு இவ்வளவு நேராகக் கேட்டவர் யாருமில்லை. எங்கே, எப்போது, யார். பவளத்துக்குக்கூடத் தங்கச்சி பொம்பரில் போனாள் என்பதற்கு மேல் தெரியாது. காலால் தட்டியதை யாருக்கும் சொன்னதில்லை. இவனுக்குச் சொல்லலாமா? இவனுக்குத்தான் சொல்லலாம் போல இருந்தது, அது எவ்வளவு பெரிய அநியாயம், ஆனாலும் இருந்தது.

"நான் எழும்பச் சொன்னேன்" என்றார் சற்குணராசா. "செத்துக் கிடந்தவளை எழும்படி என்று காலால் தட்டினேன்."

தயாபால நிமிர்ந்து பார்த்தார். பாவம் என்று சொல்லவில்லை, நீ சின்னப் பொடியன்தானே, உன்மேல் பிழை இல்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஒருதரம் மெல்ல ஆட்டினார், பாரம் ஒன்றின் மறு முனையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

"இஞ்சேரப்பா!" மேலேயிருந்து பவளத்தின் குரல். "உங்கட விளையாட்டுச் சாமானை வைச்சிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். சோறு ஆறுது."

"நான் போகிறேன், மச்சாங்" என்று தயாபால எழுந்தார். "இன்னொரு நாள் வருகிறேன் என்று அவவிடம் சொல்." இன்னொரு நாள் வரமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்தது. சற்குணராசா படிக்கட்டைப் பார்த்தார். மனம் வெறுமையாகக் கிடந்தது, சொல்வதற்கு அதில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. "அவள் காலையிலிருந்து சமைக்கிறாள்" என்றார். அது அழைப்பாக வந்ததா, கட்டளையாக வந்ததா, அவருக்கே தெரியவில்லை.  தயாபால குனிந்து மாம்பழப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார், சற்குணராசா விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் ஏறினார்.

மேலே வெயில் விழுந்த மேசை. பவளம் விருந்தாளிக்கு என்று பூப்போட்ட சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவைத்து, சோற்றைக் குவித்து, கணவாய்க் கறியை நடுவில் விட்டாள், கத்தரிக்காய்ப் பால்கறியைப் பக்கத்தில் விட்டாள், கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ, உங்கட மனிசி இருந்தால் இதைவிட நல்லாச் சமைச்சிருப்பா என்றாள், பாதியை அவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று கையாலும் பேசினாள். தயாபால குழைத்தார். ஒரு பிடி வைத்தார். மென்றார். இரண்டாவது பிடியைப் பாதியில் நிறுத்தி அப்படியே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கின் பக்கத்தால் ஓடித் தாடையில் நின்றது, துடைக்கக் கை எடுக்கவில்லை, கை சோற்றில் இருந்தது.

"ஐயோ, உறைச்சுப்போட்டுதோ?" பவளம் பதறிப்போய்க் கணவன் பக்கம் திரும்பினாள். "உவையள் எங்களைவிட உறைப்புத் தின்னுவினம் எண்டல்லோ நீங்கள் சொன்னனீங்கள்? நான் பாத்துத்தானே தூள் போட்டனான்."

சற்குணராசா தன் கோப்பையைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம், இண்டைக்குக் கொஞ்சம் உறைப்புத்தான்" என்றார் சற்குணராசா. "தயிர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாரும்."

நான் நாக்கில வைச்சுப் பாத்தனான், உறைப்பே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். அவள் திரும்பி வருமுன் சற்குணராசா ஒரு துண்டுக் கணவாயை எடுத்து வாயில் போட்டு மென்று, இடது கையால் தன்னுடைய கண்ணையும் துடைத்துக்கொண்டார்.